எந்த ஸ்டெம் செல்?

ரத்தப் புற்றுநோய் வந்த அக்காவுக்கு ஸ்டெம் செல் கொடுத்தவன் நான் என்பது தெரிந்தவர்களிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் வந்துவிடும். போன வாரம் கூப்பிட்டவர் பழைய நண்பர்.

"உங்க அக்காவுக்கு ஸ்டெம் செல் வெச்சுத்தானே குணமாச்சு? எங்க மாமனாருக்குப் பக்கவாதம். ஒரு இடத்துல ஸ்டெம் செல் ஊசி போட்டா கை கால் வந்துரும்னு சொல்றாங்க. போட்டுரலாமா?"

"எந்த ஸ்டெம் செல்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுல வேற வகையெல்லாம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. அதை அவருக்குப் போனில் சரியாகச் சொல்லத் தெரியாமல் உளறினேன். அந்த உளறலைத்தான் இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. 2014-ல் நாலரை மணி நேரம் ஒரு மெஷினோடு கட்டிப்போடப்பட்டவன். அன்று ஆரம்பித்த வாசிப்பு இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான் என் தகுதி.

உடம்பில் இருக்கிற செல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டவை. சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சுமப்பதற்கு இடம் வேண்டும் என்று தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்ட செல் அது. இனி அதனால் இரண்டாகப் பிரியவும் முடியாது, தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளவும் முடியாது. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்து போய்ச் சேரும். தட்டணுக்களுக்கு ஒரு வாரம், பத்து நாள். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ரத்தத்தில் ஒரு முழு நாள் தாங்குவதே அபூர்வம். குடலின் உள்பூச்சு நாலைந்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகிறது. இப்படி நாள் முழுக்க உதிர்ந்துகொண்டிருக்கிற உடம்பு எண்பது வருஷம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

உதிர்வதை ஈடுகட்ட எங்கோ ஒரு இருப்பு இருக்கிறது. எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்குக் குறையாத சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. அத்தனைக்கும் மூலம், மஜ்ஜைக்குள் மிகச் சிறுபான்மையாகப் பதுங்கியிருக்கும் ஒரு வகைச் செல். அது பிரிந்தால் பிறப்பவற்றில் சில தாய் போலவே இருந்துவிடும். மற்றவை தொழில் கற்கக் கிளம்பிவிடும். அசலில் கைவைக்காமல் வட்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிற சாமர்த்தியம். தன்னையே மறுபடி உண்டாக்கிக்கொள்வதும், வேறு செல்லாக முதிரக்கூடியதும் என்ற இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது ஸ்டெம் செல்.

பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 1868-ல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் உயிரியலாளர் பரிணாம மரத்தின் அடிமரமாக இருக்கிற ஒற்றைச் செல் மூதாதையைக் குறிக்க உண்டாக்கிய சொல், பிறகு மருத்துவத்துக்குக் குடிபெயர்ந்தது. தமிழில் மூலச்செல், தண்டுச்செல், குருத்தணு என்று பல பெயர்கள் உலவுகின்றன. எனக்குப் பிடித்தது குருத்தணு. தென்னையில் எத்தனை மட்டை காய்ந்து விழுந்தாலும் கவலை இல்லை. குருத்து அழுகினால் மரம் போச்சு. ரத்தப் புற்றுநோய் வார்டில் ஒரு மாதம் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளக்காமலே புரியும்.

ஆனால் குருத்திலும் தரவரிசை உண்டு. நண்பருக்குச் சொல்ல முடியாமல் நான் தடுமாறிய இடம் இதுதான். கருவுற்ற முட்டை, நச்சுக்கொடி உட்பட எல்லாமாகவும் ஆகக்கூடியது. ஐந்தாறு நாள் வயதுள்ள கருவின் உள்ளே இருக்கும் சின்னத் திரள், உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆகும். பிறந்து வளர்ந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவதோ குலத்தொழில்காரர்கள் மட்டும். மஜ்ஜையில் இருப்பதற்கு ரத்தம் செய்யத் தெரியும், தோலின் அடியில் இருப்பதற்குத் தோல் செய்யத் தெரியும், கருவிழியின் ஓரத்தில் இருப்பதற்குக் கருவிழியின் மேல்படலம் செய்யத் தெரியும். ஒருவர் தொழில் இன்னொருவருக்கு வராது. தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்லன் உலைமுன் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் பாதி வியாபாரம் இதைத்தான் செய்கிறது.

அப்படி ஒரு செல் இருக்கிறது என்று நிரூபித்த கதை அணுகுண்டு பயத்திலிருந்து கிளைத்தது. கதிர்வீச்சு பட்டவர்கள் ஏன் சாகிறார்கள், மஜ்ஜை கொடுத்தால் ஏன் பிழைக்கிறார்கள் என்பதுதான் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆய்வுக்கூடங்களின் தலையாய கேள்வி. டொரோன்டோவில் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் எர்னஸ்ட் மெக்கல்லோக் என்ற மருத்துவரும் எலிகளுக்குச் சாகும் அளவு கதிர்வீச்சு கொடுத்து, பிறகு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கல்லோக் தனியாக ஆய்வுக்கூடத்துக்கு வந்து அந்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது மண்ணீரல்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தார். அதிக மஜ்ஜை கொடுத்த எலியில் அதிக முடிச்சு, குறைவாகக் கொடுத்ததில் குறைவு. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பல ரக ரத்த அணுக்கள். அது 1961-ல் கட்டுரையாக வந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லின் வம்சம் என்று ஆண்ட்ரூ பெக்கரோடு சேர்ந்து 1963-ல் காட்டினார்கள். மற்றவர்கள் எலி செத்ததா பிழைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் புடைப்பை எண்ணினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான்.

இனி அக்கா கதைக்கு வருகிறேன்.

அவளுக்குத் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய். கீமோவில் அடங்கியது. ஆனால் திரும்பி வரும் வகை என்றார்கள். மஜ்ஜையையே மாற்ற வேண்டும். பொருத்தம் பார்ப்பது ரத்த வகையை வைத்து இல்லை. செல்களின் மேல் ஒட்டியிருக்கும் எச்எல்ஏ என்ற அடையாளங்களை வைத்து. அவை அம்மாவிடமிருந்து ஒரு கட்டு, அப்பாவிடமிருந்து ஒரு கட்டு என்று வருபவை. அதனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். அண்ணனுக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. அண்ணன் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் பேசவில்லை. தன் மேல் ஏதோ தப்பு என்பது போல உட்கார்ந்திருந்தான்.

மஜ்ஜை தானம் என்றதும் முதுகெலும்பில் ஊசி என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். மஜ்ஜையாகவே எடுத்தாலும் அது இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்துதான், மயக்க மருந்து கொடுத்துத்தான். என்னிடம் அதுவும் எடுக்கவில்லை. ஜிசிஎஸ்எஃப் என்ற மருந்தைத் தினமும் தோலுக்கடியில் போட்டார்கள். ஸ்டெம் செல்கள் மஜ்ஜைக்குள் ஒரு வேதிப் பிடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மருந்து அந்தப் பிடியைத் தளர்த்தி அவற்றை ரத்தத்துக்குள் இறக்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று தெறித்தன. மஜ்ஜை எங்கெல்லாம் இருக்கிறது என்று வலியை வைத்தே வரைபடம் போடலாம். ஐந்தாம் நாள் மெஷின். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், மெஷின் அதைச் சுழற்றி வேண்டிய அடுக்கை மட்டும் பிரித்துக்கொள்ளும், மிச்சம் இன்னொரு கைக்குத் திரும்பும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவம் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் உதடு மரத்துக் குறுகுறுக்கும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. நாலரை மணி நேரத்தில் என் கஷ்டம் அத்தனையும் இவ்வளவுதான்.

அக்காவின் கஷ்டம் வேறு. அந்த வாரம் முழுக்க அவள் மஜ்ஜையை மருந்தால் காலி செய்தார்கள். திரும்பி வர முடியாத பாதை அது. அதன்பின் என் செல்கள் பிடிக்காவிட்டால் அவளுக்கென்று ரத்தம் செய்ய ஆளே கிடையாது. மஜ்ஜை மாற்றும் தினத்தை ஆபரேஷன் தியேட்டரும் கத்தியுமாகக் கற்பனை செய்திருந்தேன். வந்தது ஒரு பை, மங்கலான சிவப்பில். சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. "இவ்வளவுதானா?" என்று அக்காவே கேட்டாள்.

நரம்பில் விட்ட செல் எலும்புக்குள் எப்படிப் போகும்? யாரும் வழி காட்டுவதில்லை. மஜ்ஜை சுரக்கும் ஒரு புரதத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு, ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து, தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்காரும். மஜ்ஜையிலிருந்து கிளம்பியது மறுபடி மஜ்ஜைக்கே போய்ச் சேரும். இந்தச் சிகிச்சை வேலை செய்வதன் ரகசியமே இதுதான் என்று நினைக்கிறேன். செல் தன் தொழிலைத்தான் செய்யப்போகிறது, தன் வீட்டுக்குத்தான் போகிறது. நாம் அதனிடம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் வெள்ளையணு எண்ணிக்கை எழுந்தது. முதலில் சந்தேகம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், மூன்றாம் நாளும் நின்றது. பிடித்துவிட்டது என்றார்கள். பிறகு அக்கா மெதுவாக நானாக மாறினாள். அவள் ஏ பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். பழைய சிவப்பணுக்கள் தேயத் தேய, சில மாதங்களில் அவளும் ஓ. அவள் ரத்தத்தைச் சோதித்தால் இப்போது ஒய் குரோமோசோம் வரும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு அழிந்து போனதால், நாற்பது வயதில் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

இதைக் கேட்டு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். என் செல்களோடு என் நோயெதிர்ப்பும் போனது; அது அவள் உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்கியது. தோல் தடித்தது, வாய் வெந்தது, ஒன்றரை வருஷம் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை. அந்தச் சண்டையில் ஒரு லாபமும் உண்டு. மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் அதே படைதான் தேடிக் கொல்கிறது. விஷமும் மருந்தும் ஒரே புட்டியில் இருக்கிற விவகாரம். அளவு தவறிப் போனவர்களை அந்த வார்டிலேயே பார்த்தேன்.

இந்த நிலைக்கு வரக் கொடுத்த விலையும் பெரிது. டானல் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1957-ல் மஜ்ஜை ஏற்றிய முதல் 6 நோயாளிகளில் ஒருவரும் 100 நாளைத் தாண்டவில்லை. அறுபதுகளில் பலர் இது ஆகாத காரியம் என்று விலகிப்போனார்கள். தாமஸ் நாய்களை வைத்துப் பொருத்தம் பார்க்கும் முறையைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 1968-ல் ராபர்ட் குட் குழுவினர் பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாத குழந்தைக்குச் சகோதரியின் மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தனர். தாமஸுக்கு 1990-ல் நோபல். 2012 டிசம்பரில் உலகம் முழுதும் செய்யப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்றுகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. ஸ்டெம் செல் மருத்துவம் எதிர்காலத்தில் வரப்போகிறது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது; விளம்பரம்தான் இல்லை.

தொப்புள்கொடி ரத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிலும் இதே ரத்தக் குருத்தணுதான். 1988-ல் பாரிஸில் எலியன் க்ளூக்மன், ஃபான்கோனி ரத்தசோகை என்ற மரபு நோய் உள்ள சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைக் கொடுத்து வெற்றி கண்டார். அது அருமையான வழி. ஆனால் தங்கையினுடையது என்பதைக் கவனியுங்கள். குழந்தையின் கொடி ரத்தத்தை அந்தக் குழந்தைக்காகவே பூட்டி வைக்கச் சொல்லும் தனியார் வங்கிகளின் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குழந்தைக்கே மரபு நோய் வந்தால் அதே கோளாறு கொடி ரத்தத்திலும் இருக்கும். ரத்தப் புற்றுநோய் வந்தால் அதன் முதல் பிழை பிறக்கும்போதே அங்கே ஒட்டியிருக்கக்கூடும். குடும்பத்தில் இன்னொருவருக்குத் தேவை இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் பொது வங்கிக்குக் கொடுப்பது உபயோகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதைத்தான் சொல்கிறது.

ரத்தத்துக்கு வெளியேயும் இதே விதி. 1975-ல் ரைன்வால்டும் ஹோவர்ட் க்ரீனும் மனிதத் தோல் செல்லை வெளியே பெருக்கக் கற்றார்கள். எண்பதுகளில் உடம்பு முழுக்க வெந்தவர்களுக்கு அவர்களுடைய தோலையே வளர்த்துப் போர்த்த முடிந்தது. 2015-ல் ஜெர்மனியில், தொட்டாலே தோல் உரிந்துபோகும் பிறவி நோயுள்ள 7 வயதுச் சிறுவனுக்கு, மிச்சமிருந்த தபால்தலை அளவுத் தோலை எடுத்து, பழுதான மரபணுவுக்குச் சரியான நகலைச் சேர்த்து, மிக்கேலே தெ லூக்காவின் குழு வளர்த்துக் கொடுத்தது. உடம்பின் 80 சதவீதத் தோல் புதிது. அவன் பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான். இங்கும் தோல் செல் தோல் செய்தது. அமிலம் பட்டுக் கருவிழி வெளுத்தவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து எடுத்த செல்லை வைத்துப் பார்வை மீட்பதும் அப்படியே.

சரி, உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆகக்கூடிய அந்தக் கருநிலைச் செல்? அதைக் கொண்டு வந்து மூளையில் விட்டால் பக்கவாதம் போகாதா? போகாது, கட்டி வரும். எலிக்குள் விட்டால் பல்லும் முடியும் தசையும் கலந்த ஒரு குழப்பக் கட்டியாக வளர்வதுதான், ஒரு செல்லுக்கு அந்தத் திறன் உண்டா என்று பார்க்கும் சோதனையே. எதுவாகவும் ஆகலாம் என்ற திறமை உடம்புக்குள் ஆபத்து. அதனால் வெளியிலேயே அதை முதிரவைத்து, ஒரு தொழிலில் உட்காரவைத்து, குருத்து எதுவும் கலந்திருக்காமல் சல்லடை போட்டு, அப்புறம்தான் உள்ளே அனுப்ப வேண்டும். நோயாளிக்குள் போவது ஸ்டெம் செல் இல்லை, அதன் பிள்ளை.

மனிதக் கருவிலிருந்து இந்தச் செல்லை முதலில் வளர்த்தவர் ஜேம்ஸ் தாம்சன், 1998-ல். கருவைக் கலைத்துத்தானே எடுக்கிறீர்கள் என்று பெரிய சச்சரவு. 2006-ல் கியோட்டோவில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும் அந்தச் சச்சரவைச் சுற்றிப் போனார்கள். கருநிலைச் செல்லில் விழித்திருக்கும் 24 மரபணுக்களைத் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் திணித்தார்கள். செல் பழைய நிலைக்குத் திரும்பியது. பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்து, நாலு போதும் என்று கண்டார்கள். அடுத்த வருஷம் மனிதச் செல்லில். 2012-ல் யமனாகாவுக்கு நோபல். தவளை முட்டையில் 1962-லேயே இதன் சாத்தியத்தைக் காட்டிய ஜான் கர்டனோடு பகிர்ந்து. தொழிலில் ஊறிய செல்லையும் மறக்கவைக்கலாம் என்று ஆகிவிட்டது. மறக்கவைத்தால் போதாது, திருப்பிக் கற்பிக்கவும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இருபது வருஷமாகப் பாடுபடுகிறார்கள். பலனும் வர ஆரம்பித்திருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு, ஸ்டெம் செல்லிலிருந்து செய்த, இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷத்தில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2025-ல் முடிவு வந்தது. பதிலுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். அந்த மாத்திரையோடு ஒருத்தி பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் நான் உடனே துள்ளிக் குதிக்கவில்லை.

நண்பருக்கு நான் காட்டியிருக்க வேண்டியது 2017 மார்ச்சில் வந்த ஒரு மருத்துவ இதழை. அதில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். இரண்டிலும் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் ஒரே நோய். இரண்டிலும் ஸ்டெம் செல்.

முதலாவது, ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகஹாஷி குழு 2014-ல் செய்தது. எழுபதைக் கடந்த ஒரு பெண்மணியின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, அதை விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிப் படலமாக முதிரவைத்து, 1.3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு தகடாக்கி, ஒரே ஒரு கண்ணில் வைத்தார்கள். பார்வை கூடவில்லை, மேலும் மோசமாகவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அவருக்கு வைக்காமலே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது கட்டுரை ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்குக்குப் போன மூன்று பெண்களைப் பற்றியது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்ததை ஸ்டெம் செல் என்று சொல்லி, அதே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசியில் ஏற்றினார்கள். பணமும் வாங்கிக்கொண்டார்கள். விழித்திரை பிய்வது, கண்ணுக்குள் ரத்தம் கசிவது என்று சிக்கல்கள் வந்து, மூவருக்கும் இருந்த பார்வையும் பெருமளவு போனது.

கொழுப்பிலும் மஜ்ஜைச் சட்டகத்திலும் கிடைக்கும் இந்த வகைச் செல்லுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று 1991-ல் பெயரைப் பரப்பியவர் ஆர்னால்ட் கேப்லன். அவரே 2017-ல், இந்தப் பெயரை மாற்றுங்கள், இது மக்களைத் திசைதிருப்புகிறது என்று எழுதினார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றோடு அதன் வம்சம் முடிந்தது. நரம்பு செய்யத் தெரியாது. நரம்பு வழியே ஏற்றினால் பெரும்பாலும் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு சில நாளில் மறைந்துபோகும். மூளைக்கு வழி தெரியாது, போனாலும் அங்கே அதற்கு வேலை இல்லை. சும்மா இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்: மறைவதற்குள் சில சமிக்ஞைகளைச் சுரந்து நோயெதிர்ப்பின் கோபத்தைத் தணிக்கும். அக்காவுக்கு வந்ததே, கொடுத்தவன் செல் வாங்கியவளைத் தாக்கும் தொல்லை, அது முற்றி ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைகளுக்கு இந்த வகைச் செல்லால் ஆன ஒரு மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தெரிந்த வேலையைக் கேட்டால் செய்கிறது.

இவ்வளவையும் போனில் சொல்ல முடியுமா? கடைசியில் நண்பரிடம் மூன்று விஷயம் மட்டும் அங்கே கேட்கச் சொன்னேன். எந்த உறுப்பிலிருந்து எடுத்த செல்? மாமனாரின் மூளைக்குள் போய் அது என்னவாக மாறும்? ஆராய்ச்சி என்றால் பணம் எதற்கு?

நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார். ரிசப்ஷனில் இருந்தவரிடம் முதல் கேள்வியைத்தான் கேட்டாராம். அவர் உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து சொன்ன பதில்: "நல்ல குவாலிட்டி ஸ்டெம் செல் சார்."